எடுத்துடு என்று எழுதினேன்

அக்டோபர் 9, புதன்

அன்புள்ள வாலுக்கு,

போன வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மதகுமேடை மேல் இருந்தவர்கள் இவர்கள்தான்: உன் அண்ணன், இன்ஜினியர், இன்ஜினியருடைய ஜீப் டிரைவர், பரிசலைக் கட்ட வந்த மீன்காரர், நான். ஆக ஐந்து பேர். ஓர் ஆடும் நின்றது, அதைச் சேர்க்கவில்லை. எதற்கு இவ்வளவு கணக்கு என்று நீ சிரிப்பாய். அங்கே நடந்தது என்ன என்று எனக்கே பிடிபடவில்லை. அதனால் யார் யார் பார்த்தார்கள் என்பதையாவது சரியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் விடாத மழை. மூன்று வருடமாகப் பாதிக்கு மேல் ஏறாத ஏரி விளிம்புக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்தே ஆகவேண்டும் என்று இன்ஜினியர் விடியும்போதே வந்து நின்றார். உன் அண்ணன் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். அசையவில்லை. இன்ஜினியர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அண்ணன் மறுபடியும் தம் பிடித்துச் சுற்றினார். இரும்பு ஒரு சத்தம் போட்டது. பிறகு தண்ணீர். சாரல் எல்லோர் மேலும் அடித்தது. இன்ஜினியர் அவர் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார், இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் உன் அண்ணனைப் பார்த்தேன்.

நான் அங்கே ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். சாமி கும்பிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டால் ஆறேகாலிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிற ஏழேகால் வரைக்கும் ஒரு மணி நேரம் என்னுடையது. ஒயர்கூடையில் கேமராவை வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு கரையில் நடப்பேன். கீரை பறிக்கப் போகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உன் அண்ணனுக்கு விஷயம் தெரியும், ஆனால் கொக்கு எடுக்கிறேன் என்ற அளவுக்குத்தான் தெரியும்.

அவர் ஒரு ஷட்டரைத் திறந்தார், நான் ஒரு ஷட்டரைத் திறந்தேன். நடந்தது அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை. அந்த நொடியில் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அழுதாரா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதனால் இது அழுகைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

நோட்டில் வழக்கம்போல எழுதினேன். ரோல் ஏழு, படம் இருபத்திரண்டு, மூடின வானம், துளை நாலு, வேகம் நூற்றிருபத்தைந்து. 'விஷயம்' என்ற கட்டத்தில் 'மதகு' என்று மட்டும் போட்டேன். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

ரோலை இதோடு அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு காப்பி எடுத்து அனுப்பு. இருபத்திரண்டாவதை மட்டும் நீயே முதலில் நன்றாகப் பார்த்து, அது என்ன முகம் என்று எனக்கு எழுது. நீ அவர் கூடப் பிறந்தவள். சின்ன வயதில் அவர் அழுதிருந்தால் நீ பார்த்திருப்பாய். வேறு யாரிடமும் காட்டாதே.

இப்படிக்கு,
அண்ணி


அக்டோபர் 14, திங்கள்

அண்ணிக்கு,

ரோல் பத்திரமா வந்தது. முப்பத்தாறுல முப்பத்தி நாலு நல்லா விழுந்திருக்கு. மீதி ரெண்டுல கூடைக் கம்பிதான் இருக்கு. அதையும் புதுமாதிரிக் கலைன்னு சொல்லி எங்க போட்டோ மன்றத்துத் தலைவர் தலையில கட்டிடலாமான்னு பார்த்தேன். மூக்குல ஒண்ணு, கழுத்துல ஒண்ணுன்னு ரெண்டு கண்ணாடியோட திரிவாருன்னு சொல்லியிருக்கேனே, அவர்தான். ஏமாறுவார்னு தோணல.

இருபத்திரண்டு. லேப்ல எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் தனியா உட்கார்ந்து எடுத்தேன். இருட்டறையில பேப்பர் ஊற ஊற முதல்ல சக்கரம் வந்தது. அப்புறம் கை. முகம் கடைசியிலதான். நான் இடுக்கியைக் கீழ போட்டுட்டேன், அண்ணி. தட்டுல இருக்கும்போது அண்ணன் சிரிக்கறார்னு நெனச்சேன். கழுவுற தண்ணியில மாத்தினப்போ அழற மாதிரி இருந்தது. காய வெச்சு வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தா ரெண்டும் இல்ல, பயந்த மாதிரி இருக்கு. ஒரே படம்தான். நான் மூணு தடவை மாறிட்டேன்.

சின்ன வயசுல அழுதிருக்காரான்னு கேட்டீங்க. அழ வெச்சுத்தான் பழக்கம் அவருக்கு. நான் தனியா ரூம் எடுத்து வேலைக்குப் போறேன்னு சொன்ன அன்னிக்கு மூடின முகம், ரெண்டு வருஷமா எனக்குத் திறக்கவே இல்ல. பேசாத மனுஷனை இவ்வளவு கிட்டத்துல வெச்சுப் பத்து நிமிஷம் பார்த்துக்கிட்டு இருந்தேன். பாவம் எதிர்த்துப் பேச முடியாம தட்டுல கிடந்தார். அதுல ஒரு சந்தோஷம்.

இப்ப திட்டாம படிக்கணும். கண்ணாடிக்காரர் பார்த்துட்டார். நான் காட்டல, காயப் போட்ட கொடியில தானே பார்த்தார். ரெண்டு கண்ணாடியையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தார். வர்ற இருபத்தி ஆறாம் தேதி நூலகத்துக் கூடத்துல எங்க மன்றத்தோட கண்காட்சி இருக்கில்ல, அதுல உங்களுக்குன்னு ஒரு சுவர் ஒதுக்கி இருக்கார். பன்னிரண்டு படம். அது போக, வாசல்ல தெருவைப் பார்த்து ஒண்ணு பெரிசா வைப்பாங்க, ஜன்னல் அளவுக்கு. அதுக்கு இந்த இருபத்திரண்டுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். இது எங்க அண்ணன், அண்ணி சொல்லாம தொட மாட்டேன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்.

படம் உங்களது. முகம் அண்ணனோடது. நடுவுல நான் பேப்பரை ஊற வைக்கறவ. இருபத்திரண்டாம் தேதிக்குள்ள எழுதுங்க. பெரிசா எடுக்க ஒரு ராத்திரி வேணும்.

வாலு


அக்டோபர் 19, சனி

அன்புள்ள வாலுக்கு,

சின்னக் காப்பி வந்தது. சாமி அலமாரியில் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வீட்டில் அந்தப் புத்தகத்தை என்னைத் தவிர யாரும் தொட மாட்டார்கள் என்பதுதான் காரணம், வேறு மரியாதை எதுவும் நினைத்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை புத்தகத்தைப் பிரிக்கிறேன். உன் அண்ணன் நேற்று, என்ன இப்பல்லாம் பக்தி கூடிப்போச்சு என்று கேட்டார்.

உன் பதில் எனக்கு உதவவில்லை. அழுகை, சிரிப்பு, பயம் என்று மூன்றையும் எழுதிவிட்டாய். சரி, அன்றைக்கு இருந்தவர்களையே கேட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் வந்தபோது பேச்சு வாக்கில் கேட்டேன். சாரல் கண்ணில் அடித்தால் யாருக்கும் முகம் அப்படித்தான் போகும், இதையெல்லாம் ஒரு விஷயமென்று கேட்கிறீர்களே என்றார். மீன்காரர் அடித்துச் சொல்கிறார், சிரித்தாராம். "ஏரி நிறைஞ்சா யாருதான் சிரிக்க மாட்டாங்க, அக்கா" என்கிறார். அவருக்கு ஏரி நிறைந்தால் மீன், அவர் சிரிப்பார். இன்ஜினியரைப் போய்க் கேட்க முடியாது. ஆக மூன்று பேரில் இரண்டு பேர் சொன்னது இரண்டு விதம்.

கடைசியில் அவரையே கேட்டேன். நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்குக் கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்றேன். ஏன் என்றார். சும்மா என்றேன். "சும்மா யாராவது கண்ணைப் பத்தி கேப்பாங்களா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வெளியே அவருக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை.

வாலு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஜன்னல் அளவு என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஜன்னல் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். நீ கொடுத்த கேமராவோடு வந்த துண்டுத்தாளை வைத்துக்கொண்டு, எந்த எண்ணைத் திருப்பினால் எது இருட்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்துத் தேறினவள். நான் எடுத்த ஒன்று அந்த அளவுக்குச் சுவரில் நிற்கப் போகிறது என்றால் ஆசை இல்லை என்று சொல்வது பொய். பொய் சொல்லிவிட்டு விளக்கேற்ற எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் முகம் அது. நான் எடுக்கிறேன் என்று தெரியாமல் இருந்த முகம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே விளங்காதபோது, ஊர்க்காரர்கள் வந்து நின்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவர் காதுக்குப் போனால் என்ன ஆகும்? மனதில் இருப்பது வாய்க்கு வர அவருக்கு ஒரு வாரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். சாமி முன்னால் நின்று கேட்டேன். விளக்கில் எண்ணெய் தீர்ந்திருந்தது மட்டும் தெரிந்தது, ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

சுவருக்குப் பன்னிரண்டு: கொக்கு ஐந்து, பரிசல் மூன்று, கரையில் துணி காய்வது இரண்டு, மழைக்கு முந்தின ஏரி ஒன்று, பிந்தின ஏரி ஒன்று. எண்களைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் இருக்கிற படத்தை எடுத்துடு. இதற்கு மேல் எனக்கு எழுத ஓடவில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

அண்ணி


அக்டோபர் 28, திங்கள்

அண்ணி,

நீங்க சொன்னபடியே எடுத்துட்டேன். உங்களுக்கு எப்படி மனசு வந்ததோ, அந்த மனசுக்கு ஒரு கும்பிடு.

மூணு பேப்பர் வீணாச்சு. முதல்ல வானம் வெளுத்துப்போச்சு, ரெண்டாவதுல சட்டை கருத்துப்போச்சு. மூணாவதுல கன்னத்துல இருக்கற ஒவ்வொரு சொட்டும் தனித்தனியா தெரியுது. சாரலா கண்ணீரான்னு மட்டும் தெரியல. முதலாளி வந்து பார்த்துட்டு, வீணான பேப்பரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம போயிட்டார். அவர் அப்படிப் போனதே இல்ல.

சனிக்கிழமை காலையில வாசல்ல மாட்டினோம். கூடத்துக்குள்ள வராதவங்ககூட நின்னு பார்த்துட்டுப் போறாங்க. பஸ் ஸ்டாப் எதிர்லயே இருக்கா, ரெண்டு பேர் பஸ்ஸை விட்டுட்டாங்க. எடுத்தவர் பேர் போட வேண்டாம்னு நீங்க முன்னாடியே சொன்னதால 'ஒரு குடும்பத்தலைவி'ன்னு மட்டும் போட்டிருக்கு. அந்தக் குடும்பத்தலைவி யாருன்னு கேட்டு என்னை அரிச்செடுக்கறாங்க. நான் பெரிய ரகசியக்காரி மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு நிக்கறேன்.

கண்ணாடிக்காரர் தானே ஒரு பேரும் வெச்சுட்டார். அட்டையில கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கார்: 'ஆனந்தக் கண்ணீர்'. ஏரி திறந்த சந்தோஷத்துல உழைப்பாளி அழறாராம். எனக்கு அவ்வளவு நிச்சயமா தெரியல, ஆனா நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.

இன்னும் இருக்கு. இங்க முடிஞ்சதும் பதினாலாம் தேதி இந்தப் படத்தைப் பெரிய கண்காட்சிக்கு அனுப்பறாங்களாம். எல்லா ஊர்லேருந்தும் வருமாம். மன்றத்துலேருந்து ஒரே ஒரு படம்தான். அது உங்களோடது.

ஒரு வரி சந்தோஷமா எழுதுங்க, கொக்குக் கணக்கு வேண்டாம்.

வாலு


அக்டோபர் 31, வியாழன்

வாலு,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நின்றபடியே எழுதுகிறேன்.

எடுத்துடு என்றால் எடுத்துவிடு. வேண்டாம், நீக்கிவிடு என்று அர்த்தம். அரிசியில் கல் எடுப்பது போல. காயுகிற துணியை மழை வருமுன் எடுப்பது போல. நான் எழுதின அந்தக் கடிதம் முழுக்க, அவர் முகம் அது, ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்று புலம்பியிருக்கிறேனே. அதைப் படித்தவள் எப்படி அதைக் கொண்டுபோய் வாசலில் மாட்டுவாய்? ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா? உனக்கு உன் அண்ணன் மேல் இருக்கிற கோபத்தை என் படத்தை வைத்துத் தீர்த்துக்கொண்டாயா?

இதை எழுத எனக்கு நன்றாக இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்கவில்லை.

நாளன்றைக்குச் சனிக்கிழமை அவர் அங்கே வருகிறார். சக்கரத்துக்குப் பேரிங் மாற்ற வேண்டுமாம், அந்தக் கடை நூலகத்துக்கு நேர் எதிரில் இருக்கிறதாம். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அவர் முகம்தான். நான் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். காரணம் கேட்டார். மழை வரும் என்றேன். மழையில் நனையாமல் மதகில் வேலை பார்க்கிறவன் யார் என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்து வைத்துவிட்டார்.

தபாலை நம்பாமல் இதைப் பஸ் கண்டக்டரிடம் கொடுக்கிறேன். லேப் வாசலில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கிடைத்த நிமிடமே போய் அதைச் சுவரிலிருந்து இறக்கு. அந்த அட்டையையும்.

அண்ணி


நவம்பர் 4, திங்கள்

அண்ணிக்கு,

கண்டக்டர் உங்க கடிதத்தை சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவாம், சட்டைப் பையிலேயே இருந்ததாம். அண்ணன் பதினொண்ணரைக்கே வந்துட்டார்.

நடந்ததை நடந்தபடி எழுதறேன். நான் உள்ள மேஜைகிட்ட இருந்தேன். வாசல்ல ஒருத்தர் கையில பொட்டலத்தோட நிக்கறது முதுகுப் பக்கம் மட்டும் தெரிஞ்சது. அந்த முதுகு எனக்குத் தெரியும். போகவும் முடியல, ஒளியவும் முடியல. ஒரு அம்மா பக்கத்துல வந்து, பாருங்க சார், என்ன ஒரு சந்தோஷம் அந்த முகத்துலன்னு அவர்கிட்டயே சொன்னாங்க. அவர் தலையாட்டினார். அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியல. படத்துல இருக்கறவருக்கும் பக்கத்துல நிக்கறவருக்கும் அவ்வளவு வித்தியாசம்.

அட்டையைக் குனிஞ்சு படிச்சார். வாய்விட்டே படிச்சார், 'ஆனந்தக் கண்ணீர்'னு. மூக்கால ஒரு சத்தம் வந்தது. சிரிப்பான்னு கேக்காதீங்க, இந்த முகத்தைப் பத்தி இனிமே நான் எதுவும் சொல்றதா இல்ல.

அப்புறம் திரும்பி என்னைப் பார்த்துட்டார். திட்டுவார்னு நெனச்சேன். திட்டினாலும் பேச்சுதானேன்னு காத்துக்கிட்டு நின்னேன். "இதுக்கு எவ்வளவு பெரிய பேப்பர் வேணும்?"னு கேட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட பேசின முதல் பேச்சு இது. கையை விரிச்சுக் காட்டினேன். நீயா போட்டதுன்னார். ஆமாம்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டார். கோபமா, இல்லையான்னு மூணு நாளா யோசிக்கறேன்.

இப்ப என் பங்கு. லேப்ல எடுக்கறதுன்னா பிரிண்ட் போடறது. காலையில போனதுலேருந்து முதலாளி நூறு தடவை எடுத்துடு, எடுத்துடுன்னு சொல்வார், நான் நூறு பிரிண்ட் போடுவேன். உங்களுக்கும் அது தெரியும். 'ஒவ்வொன்றிலும் ஒரு காப்பி எடுத்து அனுப்பு'ன்னு அதே மாசம் எழுதினது யாரு? அண்ணன் மேல இருக்கற கோபத்தைத் தீர்த்துக்கிட்டேன்னு எழுதிட்டீங்க. அது என்னைக் குத்திடுச்சு, அண்ணி. அந்த வீட்டுல எனக்குப் பையைக் கட்டிக் கொடுத்து பஸ் ஏத்தி விட்டது நீங்க ஒருத்தர்தான்.

அதனால நானும் ஒண்ணு கேக்கறேன். வேண்டாம்ங்கறது சின்ன வார்த்தை. நாலே எழுத்து. கொக்கு எத்தனை, துணி எத்தனைன்னு எண்ணி எண்ணி எழுதினவங்க, அந்த நாலு எழுத்தை ஏன் எழுதல?

படத்தை இன்னும் இறக்கல. பார்க்க வேண்டியவர் பார்த்துட்டார், இனிமே உங்க பதில் வராம நான் எதையும் தொடமாட்டேன். பதினாலாம் தேதி காலையில கட்டி அனுப்பிடுவாங்க.

வாலு


நவம்பர் 8, வெள்ளி

அன்புள்ள வாலுக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டுவிடுவேன்.

'வே' என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. அதை அடித்துவிட்டு எடுத்துடு என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார், அடித்த இடம் தெரியும். உங்கள் லேப்பில் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு ஞாபகம் இருந்ததா என்றால், சாமி சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நீக்கச் சொன்னதாக நீ எடுத்துக்கொண்டால் நான் நல்ல மனைவி. போடச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் தப்பு உன்னுடையது, படம் என்னுடையது. என் கை இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி குழாயடிக்குப் போயிருக்கிறது. உன் மேல் எரிந்து விழுந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். அந்த வரிக்காக நான் தினமும் வருத்தப்படுகிறேன்.

சனிக்கிழமை அவர் வந்து பேரிங் பொட்டலத்தை வைத்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். ஞாயிறு, திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பால் வைத்துக்கொண்டிருக்கும்போது சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். டவுனில் ஒரு படம் பார்த்தேன் என்றார். யாரோ ஓர் ஆள், நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்றார். அப்புறம் கேட்டார்.

"அந்த ஆளைக் கேட்டு எடுத்தாங்களா, கேக்காம எடுத்தாங்களா?"

பால் பொங்கவில்லை, ஆனாலும் அடுப்பை அணைத்துவிட்டேன்.

"கேக்காமத்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"கேட்டா முகம் மாறிடும்."

அதற்கு அவர் தலையாட்டினார். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஆகஸ்ட் மாதத்திலிருந்து அவருக்கு வலது தோள் மேலே போகவில்லையாம். வெள்ளிக்கிழமை தோறும் ஏணியில் ஏறி, கையைத் தலைக்கு மேல் தூக்கி, கதவின் திருகுத்தண்டுக்கு கிரீஸ் போட வேண்டும். ஆறு வெள்ளிக்கிழமை அவர் ஏறவே இல்லை. பதிவேட்டில் மட்டும் ஆறு தடவையும் 'போட்டாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வலி என்று சொன்னால் மதகு வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள், குவார்ட்டர்ஸ் போய்விடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்று பயம். அன்றைக்குச் சக்கரம் அசையாமல் நின்றபோது, எதனால் என்று அந்த மேடையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கரைக்குக் கீழே முந்நூறு வீடு. இரண்டாவது தடவை அது எப்படியோ இளகிக் கொடுத்தது. அப்போது இன்ஜினியர் பக்கத்தில் வந்து, நல்லா பராமரிச்சு வெச்சிருக்கீங்க என்று சொன்னாராம். அந்த நேரத்து முகம்தான் அது.

எல்லாவற்றையும் கேட்டேன். போய் என் நோட்டைப் புரட்டினேன். அந்த ஆறு வெள்ளிக்கிழமையும் நான் கரையில்தான் இருந்திருக்கிறேன். ஆகஸ்ட் 23, கொக்கு பதினேழு. ஆகஸ்ட் 30, கொக்கு இருபத்தொன்று, அதில் ஒன்று நொண்டி. நொண்டிக் கொக்கு மறுபடி செப்டம்பர் 13 அன்று வந்ததைக்கூட எழுதியிருக்கிறேன். என் புருஷன் கையைத் தூக்காததைப் பற்றி எந்தக் கட்டத்திலும் ஒரு வரி இல்லை. சட்டையை உட்கார்ந்துகொண்டு மாட்டுகிறாரே என்று ஒரு நாள் பார்த்தேன். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்று பெருமைப்பட்டவள் நான்.

புதன்கிழமை அவர் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டு வந்து, என் கண் முன்னால் சிவப்பு மையில் எழுதினார்: 'ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 27 வரை கிரீஸ் போடவில்லை. தோள்வலி. முன்பு எழுதியது தவறு.' திங்கட்கிழமை இன்ஜினியர் வந்து பார்ப்பார். என்ன செய்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நாளைக்கு டாக்டரிடம் போகிறோம்.

அப்புறம் நான் கேட்டேன், படத்தை இறக்கச் சொல்லி எழுதிவிடட்டுமா என்று. இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு சொன்னார்:

"இருக்கட்டும். நல்லாத்தான் எடுத்திருக்க. ஆனா நான் சந்தோஷத்துல அழுதேன்னு மட்டும் போட வேண்டாம்."

வேறு என்னவென்று போடுவது என்றேன். எதுவும் போட வேண்டாம், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அவர் அழுதாரா என்று அப்போதும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இவ்வளவு தெரிந்த பிறகும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குத் தீர்மானமாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் செய்தது சரியா தப்பா என்பதும் அப்படியே நிற்கிறது.

படுக்கப் போகும்போது உன்னைப் பற்றிக் கேட்டார். அந்த ரூமில் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாளா, ஜன்னல் இருக்கிறதா என்று. நானாக எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜன்னல் இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது, அதையும் எழுது.

இப்போது நீ செய்ய வேண்டியது. கண்ணாடிக்காரரைப் பார். படம் வாசலிலேயே இருக்கலாம், பெரிய கண்காட்சிக்கும் போகலாம். 'ஆனந்தக் கண்ணீர்' என்ற அட்டை இங்கேயும் வேண்டாம், அங்கேயும் வேண்டாம். அதற்குப் பதிலாக வேறு பேரும் வேண்டாம். என் பேரையும் உன் அண்ணன் பேரையும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும், மறைக்க ஒன்றுமில்லை. தலைப்பு இல்லாமல் படத்தைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், சுருட்டி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடு, எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அனுப்பிவிடு.

பதினாலாம் தேதிக்கு முன்னால் கண்ணாடிக்காரர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவேண்டும். சீக்கிரம் பதில் போடு.

அண்ணி